கேடியு கெடெட்டா, நேராகத் தியத்தலாவையா? ஏ.எல். எழுதிய மலையகப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் ஏ.எல். (உயர்தரம்) எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் படையில் அதிகாரியாகச் சேரும் எண்ணம் உண்டு. அவர்களுக்கு முன்னால் இரண்டு வாசல்கள். ஒன்று, இரத்மலானையில் இருக்கும் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், அதாவது கேடியு. மற்றது, நம் மலையிலேயே இருக்கும் தியத்தலாவை இராணுவ அகடமி. புலமைப்பரிசில் என்ற பெயர் இரண்டுக்கும் இல்லை, ஆனால் நடைமுறையில் அதுதான்: படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசாங்கச் செலவு, மாதாமாதம் கையிலும் ஒரு தொகை வரும்.

அப்படியென்றால் எதைத் தெரிவு செய்வது? "பல்கலைக்கழகம்" என்ற பெயரைக் கேட்டுவிட்டு கேடியுதான் உசத்தி என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு, "தியத்தலாவை பக்கத்தில்தானே இருக்கிறது" என்று அங்கே போகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறான காரணம். கீழே உள்ள ஒழுங்கில் போனால் கேள்வி பாதியிலேயே தானாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் சிலருக்கு ஒரு வாசல் உயரத்தாலோ கண்ணாலோ இசட் புள்ளியாலோ (ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்தும் புள்ளி) ஏற்கெனவே மூடியிருக்கும், அது தெரியாமல் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

1. எந்த விளம்பரம் எதற்கு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

வட்ஸ்அப்பில் சுற்றிவரும் விளம்பரங்களில் நான்கு வகை கலந்துகிடக்கும். அதைப் பிரிக்காமல் விண்ணப்பித்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள்.

முதலாவது, கேடியு கெடெட் (பயிலிளவல் அதிகாரி) அனுமதி. செலவில்லாதது இதுதான். பட்டப்படிப்பும் படைப்பயிற்சியும் சேர்ந்து நடக்கும், முடிந்ததும் முப்படைகளில் ஒன்றில் அதிகாரியாகப் போவீர்கள்.

இரண்டாவது, அதே கேடியுவின் சிவில் மாணவர் அனுமதி, டே ஸ்கொலர் என்பார்கள். இது கட்டணம் கட்டிப் படிப்பது, இலட்சக்கணக்கில் போகும், படையில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. "கேடியு கிடைத்துவிட்டது" என்று தோட்டம் முழுக்கச் சொல்லி, கட்டணப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் இது வேறு வழி என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. விண்ணப்பம் திறக்கும்போதே கெடெட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, இராணுவத்தின் நிரந்தரப் படைக்கான பயிலிளவல் அதிகாரி ஆட்சேர்ப்பு. இதுதான் நேராகத் தியத்தலாவை. நான்காவது, சிப்பாய் ஆட்சேர்ப்பு. இதற்கு ஓ.எல். (சாதாரண தரம்) தகுதியே போதும், அடிக்கடி விளம்பரம் வரும், ஏ.எல். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை இதில் போய் நின்றுவிட்டு "அதிகாரியாக எப்போது ஆவேன்" என்று கேட்பதில் அர்த்தமில்லை. சிப்பாயாகப் போவது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை, அது வேறு பாதை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. கேடியு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் (யுஜிசி) கீழ் வருவது அல்ல, பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. அதனால் யுஜிசி கைநூலில் அதைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். அதன் அறிவித்தல் அதன் சொந்த இணையத்தளத்திலும் பத்திரிகைகளிலும் வரும். இராணுவத்துடையது இராணுவ இணையத்தளத்தில் வரும்.

2. விண்ணப்பத்துக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள்

எல்லாரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு புள்ளி இருந்தாலும் மருத்துவப் பரிசோதனையில் விழுந்தால் அவ்வளவுதான். அதே நேரம், சில குறைகளை முன்கூட்டியே தெரிந்தால் சரிசெய்துவிடலாம்.

உயரத்தில் இருந்து தொடங்குங்கள். நாட்டிலேயே பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்களில் நுவரெலியா முன்னால் நிற்கிறது, தோட்டப் பிள்ளைகளுக்கு உயரம்தான் பெரிய தடை. விளம்பரத்தில் உள்ள குறைந்தபட்ச உயரம் ஆண், பெண், எந்தப் படை என்பதற்கு ஏற்ப மாறும். பாடசாலைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததை நம்ப வேண்டாம். செருப்பைக் கழற்றி, குதிகால், முதுகு, பின்தலை சுவரில் ஒட்ட நின்று, ஆஸ்பத்திரியில் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். காலையில் அளந்தால் மாலையில் அளப்பதைவிடச் சற்று அதிகம் காட்டும், ஆகவே ஓர் இழையில் தப்புகிறவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்து கண். பார்வைக் குறைவு மட்டுமல்ல, நிறக்குருடும் பார்ப்பார்கள். புள்ளி புள்ளியாக நிறங்கள் நிறைந்த அட்டையைக் காட்டி உள்ளே இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்வார்கள். சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாத பையன் பதினெட்டு வயது வரை அதை அறியாமலே இருப்பது சகஜம். அரசாங்க ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிட்டால் தெரிந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது, அதனால் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பிறகு பல், தட்டைப் பாதம், முழங்கால் ஒன்றோடொன்று இடிப்பது, குடலிறக்கம், காது. பல்லை அடைக்கலாம், பிடுங்கலாம், ஆகவே அதைச் செய்துவிடுங்கள். இரத்தச்சோகையும் நம் பக்கத்தில் அதிகம். பிள்ளை களைப்பாகவே இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.

பச்சை குத்தியிருப்பவர்கள், ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்தவர்கள், விளம்பரத்தின் மருத்துவ நிபந்தனைகளை வரிக்கு வரி வாசித்துவிட்டு மேலே போங்கள். திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரண்டு வழிக்கும் உண்டு.

3. பத்திரங்களைப் பெறுபேற்றுக்குக் காத்திராமல் தேடத் தொடங்குங்கள்

பெறுபேறு வந்து விண்ணப்பம் திறந்தபின் மூடுவதற்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும். பத்திரங்களில் பிழை இருந்தால் அதைத் திருத்தச் சில மாதங்கள் போகும். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

எங்கள் பக்கத்தில் அதிகமாகப் பார்க்கும் சிக்கல் பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். சான்றிதழில் வேறொன்று. அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அவருடைய சொந்த அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும், ஏனென்றால் தோட்டத்தில் அந்தக் காலத்தில் கிளாக்கர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறார். மேசையில் நான்கு பத்திரங்களையும் வரிசையாக வைத்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக விரலை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு "எச்" கூடுதலாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தொடங்கும்.

எடுத்துவைக்க வேண்டியவை: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, ஓ.எல். ஏ.எல். பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ்கள். தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் உள்ள பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துவைத்தால் பிறகு ஓட வேண்டியிருக்காது.

பிரஜாவுரிமை பற்றியும் சிலர் பயப்படுவார்கள். இந்திய வம்சாவளி மக்களுக்கான 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தப் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனாலும் தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் தகரப்பெட்டியில் கிடந்தால் எடுத்து ஒரு பிரதி போட்டு வையுங்கள். பின்புல விசாரணையில் குடும்ப விபரம் கேட்கும்போது கைக்கு உதவும்.

மாணவர் படையணியில் இருந்த பிள்ளைகள் ரன்தம்பே முகாமுக்குப் போன சான்றிதழை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கட்டாயம் இல்லை, இருந்தால் நேர்முகத்தில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

4. காத்திருக்கும் மாதங்களில் சிங்களமும் ஓட்டமும்

கேடியுவில் விரிவுரை ஆங்கிலத்தில். ஆனால் விடுதி, மைதானம், சாப்பாட்டு மேசை எல்லாம் சிங்களம். தியத்தலாவையில் சிங்களம் இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் கீழ் வரும் சிப்பாய்களில் பெரும்பாலோர் சிங்களம் மட்டுமே பேசுவார்கள். கடைத்தெருச் சிங்களம் தெரியும் என்று நம் பிள்ளைகள் சொல்வார்கள். பஸ்ஸில் இடம் கேட்கவும் மரக்கறி பேரம் பேசவும் அது போதும். ஒரு சம்பவத்தை ஆதியோடந்தமாக விளக்கவும், ஒருவருக்கு வேலை சொல்லவும் அது போதாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன், செய்துபாருங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுத்தது முதல் தூள் மூட்டையாகி லொறி ஏறும் வரை ஃபெக்டரியில் என்ன நடக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, காயவைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது. முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் சிங்களத்தில். பிறந்ததிலிருந்து மூக்கில் ஏறிய வாசனைதான், ஆனாலும் இரண்டாவது நிமிடத்திலேயே வாய் நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் மொழி குறைவு. மனப்பாடம் செய்த "என்னைப் பற்றி" பேச்சை ஒப்புவிப்பதால் இது தெரியாது.

ஓட்டத்துக்கு வருவோம். உடற்தகுதி என்றாலே 2.4 கிலோமீற்றர் ஓட்டத்தை மனதில் வைத்துப் பழகுங்கள், அது 400 மீற்றர் தடத்தில் ஆறு சுற்று. நம் பாடசாலை மைதானங்களில் பல 200 மீற்றர்கூட வராது, ஆகவே எத்தனை சுற்று என்று முதலில் அளந்துவிட்டு ஓடுங்கள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் டன்பார் மைதானத்துக்குப் போகலாம். தோட்டத்து ரோட்டில் இறக்கத்தில் ஓடி நேரம் எடுத்துவிட்டு "பதினொரு நிமிடத்தில் முடித்தேன்" என்று சந்தோஷப்படாதீர்கள், முழங்காலும் போகும், நேரமும் பொய்.

மலையில் பழகியவர்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும், உண்மை. ஆனால் இரத்மலானை கடல்மட்டம், வெயிலும் புழுக்கமும். குளிரில் ஓடிப் பழகிய உடம்பு அங்கே முதல் சுற்றிலேயே வியர்த்துத் தளர்ந்துவிடும். முடிந்தால் தேர்வுக்கு முன்னைய நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். விடியற்காலை பஸ் ஏறி கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டுப் போய் மைதானத்தில் நிற்பது தற்கொலைக்குச் சமம்.

5. பெறுபேறு வந்த நாளில் செய்யும் கணக்கு

மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியா? வயது விளம்பரத்தில் சொன்ன திகதியன்று எல்லைக்குள் இருக்கிறதா? ஓ.எல்.இல் ஆங்கிலம், கணிதம், மொழி ஆகியவற்றில் கேட்ட தரம் இருக்கிறதா? இந்த மூன்றும் சரியென்றால் தியத்தலாவை வாசல் திறந்திருக்கிறது. அங்கே எந்தப் பாடப்பிரிவில் படித்தீர்கள் என்பது பெரிய விஷயமில்லை.

கேடியுவில் அப்படியல்ல. பொறியியலுக்குக் கணிதப் பிரிவு, மருத்துவத்துக்கு உயிரியல், மற்றவற்றுக்கு அந்தந்தப் பாடங்கள், அதற்கு மேல் இசட் புள்ளிப் போட்டி. இங்கேதான் மலையகப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. யுஜிசி அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டத் தகுதி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் அடங்கும். இந்தச் சலுகை எதுவும் கேடியுவுக்குப் பொருந்தாது. கொழும்பு, கண்டிப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்பீர்கள்.

அதாவது, மாவட்ட வெட்டுப்புள்ளியில் பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் கிடைக்கக்கூடிய பிள்ளைக்குக் கேடியுவில் அதே பொறியியல் கிடைக்காமல் போகலாம். ஆகவே கேடியுவுக்கு விண்ணப்பித்தாலும் யுஜிசி விண்ணப்பத்தை விடாதீர்கள். இரண்டையும் அனுப்புவதில் தடை எதுவும் இல்லை. "கேடியுவுக்குப் போட்டாச்சு, இனி எதற்கு" என்று விட்டுவிட்டால் ஒரு வருடம் வீணாகும். பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவித்தொகையையும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். குடும்பத்துக்கு அது போதாது, ஆனாலும் படையே வேண்டாம் என்று பின்னர் தோன்றினால் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

6. பொண்ட்டை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து வாசியுங்கள்

இலவசம் என்று சொன்னாலும் விலை இருக்கிறது. அது சேவைக்காலம், அதற்காக எழுதிக்கொடுக்கும் பிணை ஒப்பந்தம்தான் பொண்ட். படிப்பும் பயிற்சியும் முடிந்ததும் இத்தனை ஆண்டு கட்டாயம் படையில் இருக்க வேண்டும், நடுவில் விலகினால் உங்களுக்காக அரசாங்கம் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்றோரும் பிணையாளிகளும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தத் தொகையைக் கற்பனை செய்து பாருங்கள். மருத்துவம் படிக்கும் கெடெட்டுக்கான செலவும் அதைவிடக் குறுகிய முகாமைத்துவப் பட்டத்துக்கான செலவும் ஒன்றல்ல. படிப்பு எவ்வளவு நீளமோ, விலகினால் கட்ட வேண்டியதும் அவ்வளவு கனம்.

பொண்ட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: எத்தனை வருடச் சேவை, அது எந்த நாளிலிருந்து எண்ணப்படும் (சேர்ந்த நாளா, பட்டம் பெற்ற நாளா, அதிகாரியாக நியமனம் பெற்ற நாளா), பயிற்சியில் காயம்பட்டு வெளியேறினால் என்ன, பரீட்சையில் தவறி நிறுத்தப்பட்டால் என்ன. கடைசி இரண்டையும் யாரும் கேட்பதில்லை, பிறகு கேட்க வேண்டி வருவதும் அவைதான். ஆங்கிலம் புரியாவிட்டால் பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து வரிக்கு வரி தமிழில் கேளுங்கள். பிணை நிற்கப்போகும் மாமாவையும் கூடவே உட்கார வையுங்கள். அவருக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

7. இப்போது தெரிவு செய்யுங்கள்

இவ்வளவும் தாண்டி இரண்டு வாசலும் திறந்திருந்தால்தான் இந்தப் பகுதி.

இரண்டையும் பல்கலைக்கழகமா இராணுவமா என்று பார்க்காதீர்கள். இரண்டுமே இராணுவம்தான். கேடியுவில் இராணுவத்தைத் தெரிவு செய்தவர்கள் படிப்பின் மற்றப் பகுதி முடிந்தபின் தியத்தலாவைக்குத்தான் பயிற்சிக்கு வருவார்கள், கடற்படைக்காரர்கள் திருகோணமலைக்கும் விமானப்படைக்காரர்கள் சீனக்குடாவுக்கும் போவார்கள். ஆகவே கேள்வி, எது முதலில் என்பதுதான். கேடியுவில் பட்டம் முதலில், படைப் பொறுப்பு பிறகு. தியத்தலாவையில் படைத்தொழில் முதலில். அங்கேயும் பயிற்சியோடு இராணுவக் கற்கைகளில் ஒரு பட்டம் இணைத்திருக்கிறார்கள், அதைக் கொடுப்பதும் கேடியுதான். ஆனால் அந்தப் பட்டத்தின் மதிப்பு படைக்குள்தான் அதிகம்.

நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: நடுவில் நின்றுபோனாலோ, சேவைக்காலம் முடிந்து முப்பத்தைந்து வயதில் வெளியே வந்தாலோ, கையில் என்ன மிஞ்சும்?

கேடியுவில் பொறியியல், மருத்துவம், கணினி, சட்டம் போன்றவற்றில் இடம் கிடைத்தால் யோசிக்கத் தேவையில்லை, அங்கே போங்கள். சீருடையைக் கழற்றிய பிறகும் அந்தப் பட்டத்தோடு தொழில் தேடலாம். வயிற்றுப் பாட்டுக்காகவே படையை யோசிக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு இது பெரிய காப்பு.

ஆனால் கேட்ட பட்டம் கிடைக்காமல், கடைசி விருப்பமாகப் போட்ட ஏதோ ஒன்று கிடைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். "கேடியு" என்று சொல்லிக்கொள்வதற்காக விருப்பமில்லாத பாடத்தை எடுத்தால், காலையில் உடற்பயிற்சி, பகலில் விரிவுரை, மாலையில் விளையாட்டு, இரவில் வீட்டுப்பாடம் என்று ஓடும் நாளில் படிப்புத்தான் முதலில் சரியும். பரீட்சையில் தவறினால் மேலே சொன்ன பொண்ட் தலையில் நிற்கும். அதைவிட, மைதானமும் காடும் ஆட்களை நடத்துவதும் பிடிக்கும் என்றால், நேராகத் தியத்தலாவைக்குப் போய் அதில் நன்றாக வருவதே மேல். ஆரம்பத்திலிருந்தே ஒரே தொகுதியோடு சேர்ந்து பயிலலாம், சீக்கிரமே ஆட்களுக்குப் பொறுப்பாகலாம். வெளிநாட்டு அகடமிகளுக்குத் தெரிவாகிப் போகும் வாய்ப்பும் அங்கிருந்து உண்டு.

"பக்கத்தில் இருக்கிறதே" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். பண்டாரவளைப் பிள்ளைக்குத் தியத்தலாவை அரை மணி நேரம்தான், ஆனால் ஆரம்ப மாதங்களில் வெளியே விடமாட்டார்கள். வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு போக முடியாமல் தவிப்பது இரத்மலானையில் இருப்பதைவிடக் கஷ்டம்.

எதிர்காலத்தையும் கணக்கில் எடுங்கள். இராணுவத்தின் ஆள் எண்ணிக்கையை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. சுருங்கும் படையில் மேல் பதவிகளும் சுருங்கும். வெளியே தொழில் தேடக்கூடிய பட்டம் உள்ளவருக்கு இது குறைந்த கவலை.

பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வழியும் உண்டு, இடங்கள் குறைவு. ஒவ்வொரு அறிவித்தலிலும் பெண்களுக்கு இடம் இருக்கிறதா, எந்தப் பட்டத்துக்கு, எந்தப் படைக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், வீட்டில் ஒரு பெரியவர் "தமிழ்ப் பிள்ளைக்கு இராணுவம் எதற்கு" என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார், அவர் கண்ட காலம் அப்படி. அதற்குப் பதில் எந்த வழிகாட்டியிலும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சை விண்ணப்பத்துக்கு முன்னால் பேசி முடியுங்கள். அழைப்புக் கடிதம் வந்தபின் அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார் என்று பின்வாங்கினால் இன்னொரு பிள்ளையின் இடமும் சேர்ந்து வீணாகும்.

8. விண்ணப்பமும் முகவரியும்

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு கேட்கும் இடத்தில் பட்டத்தையும் படையையும் ஏழாம் பகுதியில் யோசித்தபடி போடுங்கள். வேண்டவே வேண்டாத பட்டத்தை, இடம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள், அதுவே கிடைத்துத் தொலைக்கும்.

முகவரி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லயத்துக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர் என்று எழுதினால் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே கட்டாகக் கிடந்து, யாராவது அந்த டிவிஷனுக்குப் போகும்போது கொடுத்தனுப்பி, அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மற்ற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கடைசியில் நேர்முகத் திகதி முடிந்த பிறகு கைக்கு வரும். டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர், அல்லது சம்மதித்தால் பாடசாலை, இப்படி நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு முகவரியைத் தபாலுக்குக் கொடுங்கள். நிரந்தர முகவரியில் தோட்ட முகவரி அப்படியே இருக்கட்டும், கிராம உத்தியோகத்தர் சான்றிதழோடு அது பொருந்த வேண்டும்.

தொலைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், அந்த சிம்மை மாற்றாதீர்கள். மின்னஞ்சல் முகவரியை கொமியூனிகேஷன் கடைக்காரர் உருவாக்கித் தந்திருந்தால் கடவுச்சொல்லைக் கையோடு மாற்றி எழுதிவையுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டிய வங்கித் துண்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தால் உள்ளே போடுவேன் என்று ஒருவர் வருவார். எப்போதும் வருவார். விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர யாருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை.

9. நேர்முகம்

கறுப்புச் சப்பாத்து, வெள்ளைச் சட்டை, வெட்டிய முடி. கோட் சூட் தேவையில்லை, கடன் வாங்கிய கோட் தோளில் தொங்குவது எல்லாருக்கும் தெரியும்.

"ஏன் படையில் சேர விரும்புகிறாய்" என்று கேட்டால் தாய்நாடு, தியாகம் என்று இரண்டு வரி ஒப்புவிப்பவர்கள் வரிசையில் முன்னாலும் பின்னாலும் நிற்பார்கள். உங்களுடைய காரணத்தைச் சொல்லுங்கள், குடும்ப நிலைமையும் ஒரு காரணம் என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லலாம். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். புரியாமல் "யெஸ் சேர்" என்று தலையாட்டுவதுதான் நம் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை, அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

அன்றைய செய்திகள், உங்கள் மாவட்டத்தின் ஆறுகள், நீர்த்தேக்கங்கள், நீங்கள் விளையாடும் விளையாட்டின் விதிகள் இவற்றைத் தெரிந்து வையுங்கள். சான்றிதழில் கரப்பந்தாட்டம் என்று இருந்தால் ஒரு அணியில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், ஆறு என்று உடனே வர வேண்டும்.

10. இரண்டு கடிதமும் வந்துவிட்டால்

இது அபூர்வம், ஆனால் வருவதுண்டு. தியத்தலாவைக் கடிதம் முதலில் வந்து கேடியு முடிவு தெரியாமல் இருக்கும் நிலைதான் அதிகம். அப்போது கேடியுவில் நீங்கள் போட்ட முதல் விருப்பத்துக்கு உங்கள் இசட் புள்ளி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எட்டாத புள்ளி என்றால் காத்திருந்து கையில் உள்ளதை விடாதீர்கள். எட்டக்கூடியது என்றால், தியத்தலாவைக்குப் போய்ச் சேர வேண்டிய திகதி வரை நேரம் இருக்கிறது, கேடியுவுக்குத் தொலைபேசியில் அழைத்து முடிவு எப்போது வரும் என்று கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

பொண்ட்டில் கையெழுத்து வைப்பதற்கு முன் விலகுவது சுலபம், வைத்த பிறகு அது வேறு கதை. எதை விடுகிறீர்களோ அந்த இடத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். யுஜிசி முடிவு மாதங்கள் கழித்து வரும். பல்கலைக்கழகத்தில் ஒருமுறை பதிவு செய்தவர் மறுபடி யுஜிசிக்கு விண்ணப்பிக்க முடியாது, ஆகவே கெடெட்டாகச் சேர்ந்துவிட்ட பிள்ளையின் பெயரில் வீட்டில் இருப்பவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.